மூச்சு விட்ட மறுநொடி

குழாயைத் திருகினால் தண்ணீர் தருபவரும், கேமராவைத் திறந்தால் முகத்தை மறைப்பவருமான இவ்விழாவின் தலைவர், குடிநீர் வாரியத்தின் தலைமைப் பொறியாளர் அம்மையார் அவர்களே! 'பதினைந்தே நிமிடம்' என்று என்னிடம் பத்து முறை சொல்லிவிட்டு, தம்முடைய வரவேற்புரையை மட்டும் அரை மணி நேரம் ஆற்றி அமர்ந்திருக்கும் எங்கள் புகைப்படச் சங்கத்தின் செயலாளர் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோர்களே! பின்வரிசையில் பிள்ளைகளை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கும் பெருமைமிகு தாய்மார்களே! சுவர் நிறைய என் படங்கள் தொங்கியும் சுவரைப் பாராமல், ஓரத்து மேசையில் மூடி வைத்திருக்கும் பலகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் என் பழைய ஆஸ்பத்திரித் தோழர்களே! இவன் மேடையில் என்னத்தை உளறப் போகிறானோ என்று இப்போதே நகம் கடிக்கத் தொடங்கிவிட்ட என் மனைவியே! உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு விரிந்த வணக்கம்!

மைக்செட்டுக்காரரே, சற்றே ஏற்றி வையுங்கள். நான் குள்ளன்தான், ஆனால் இன்று குனிந்து பேச மாட்டேன். ஆ, போதும்.

செயலாளர் என்னை அறிமுகம் செய்யும்போது 'பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்' என்றார். ஐயா, பொழுது போகாமலா நான் படம் எடுத்தேன்? பொழுது போதாமல் எடுத்தேன்! பசியை மறந்து எடுத்தேன். பஸ்ஸை விட்டுவிட்டு எடுத்தேன். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணைப் பார்க்காமல், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேளுங்கள் என் மனைவியை! பார்த்தீர்களா, தலையை ஆட்டுகிறாள். 'வெளிச்சத்தையே கட்டிக்கிட்டிருக்கலாமே' என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

நான் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவன். இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் பாதிப் பேரின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பயப்படாதீர்கள், எலும்பைச் சொல்கிறேன்! அந்த அறையில் என் வாய் நாளுக்கு நூறு முறை பாடிய பாட்டு ஒன்று உண்டு. 'நகை, செயின் எல்லாம் கழட்டி வைங்க. தாடையை மேல வைங்க. தோளை முன்னாடி தள்ளுங்க. மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க... அசையாதீங்க... அவ்ளோதான், விடுங்க.' உடனே நோயாளி, 'ரிப்போர்ட் எப்ப வரும்?' என்பார். 'நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்குங்க' என்பேன். அவையோரே, இந்தப் பாட்டை மனத்தில் வையுங்கள். என் வாழ்க்கையைக் கெடுத்ததும் இந்தப் பாட்டுதான், கொடுத்ததும் இந்தப் பாட்டுதான்.

தலைவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். அம்மையீர், இன்னும் மூன்று நிமிடம்கூட ஆகவில்லையே!

இந்தத் தலைவர் யார் என்று பின்னால் ஒருவர் கேட்கிறார். சொல்கிறேன். இவர் என் தங்கை. என்னோடு ஒரே தட்டில் சண்டை போட்டுத் தின்று வளர்ந்த ஒரே தங்கை. இன்று இந்த விழாவுக்குத் தலைமை தாங்க ஒப்புக்கொண்டபோது ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். 'விழா முடியுற வரைக்கும் எங்க அண்ணன் கேமராவைத் தொடக்கூடாது.' உலகத்திலேயே, புகைப்படக்காரனுக்குப் பாராட்டு விழா எடுத்து அவன் கேமராவைப் பறித்துக்கொண்ட சங்கம் எங்கள் சங்கம் ஒன்றுதான்! அதோ பாருங்கள், அவர் முன்னால் மேசையில், அவருடைய தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில், பிணைக்கைதியாய்ப் படுத்திருக்கிறது என் கேமரா. அதன் வாரைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிவைத்திருக்கிறார். ஏன் இத்தனை கோபம்? முப்பத்து மூன்று ஆண்டுக் கோபம் அது. அதைச் சொல்லத்தான் இன்று இந்த மேடையில் ஏறினேன்.

எக்ஸ்ரே அறையில் வேலை கிடைத்த முதல் மாதமே ஒரு கேமரா வாங்கினேன். படம் பதிகிற கண்ணாடிக்கு ஒரு ஓட்டை, நாம் கண் வைத்துப் பார்க்க வேறொரு ஓட்டை உள்ள பழைய ரகம்; கண்ணாடி மூடியிருந்தாலும் பார்க்கிறவனுக்குத் தெரியாது. எடுத்தேன், எடுத்தேன், ஒரே நாளில் முப்பத்தாறு படம் எடுத்தேன்! கழுவிப் பார்த்தால் முப்பத்தாறிலும் ஒன்றுமே பதியவில்லை. கண்ணாடியின் மூடியைக் கழற்றாமலே ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன். ஸ்டூடியோக்காரரைக் கெஞ்சி அதிலும் ஒன்றைப் பிரதி போட்டு வாங்கினேன். கருகருவென்று வந்தது. எங்கள் அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். 'அமாவாசையை நல்லாத்தான்டா எடுத்திருக்கே' என்றார்.

அதுதான் எங்கள் அப்பா. பூட்டு ரிப்பேர் செய்து சாவி போடுகிறவர். கடையென்று சொன்னால் ஒரு பெட்டி, ஒரு அரம், கம்பியில் கோத்த ஆயிரம் சாவி. சாவியைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டே வருகிறவர்கூடச் சிரித்துக்கொண்டே போவார். சிரிக்கும்போது அப்பாவுக்கு வலது கண் முழுவதுமாய் மூடிக்கொள்ளும். இடது கண் மட்டும் திறந்து, 'நீ ஏன் சிரிக்கலே?' என்று நம்மைக் கேட்கும். எத்தனை அழகான சிரிப்பு! எத்தனை நாள் என் எதிரே நடமாடிய சிரிப்பு!

அந்தச் சிரிப்பை நான் எடுத்தேனா? இல்லை, எடுக்கவில்லை! பாலத்தை எடுத்தேன். பாலத்தின் நிழலை எடுத்தேன். கம்பியில் குருவியை எடுத்தேன், குருவி பறந்த பிறகு கம்பியை எடுத்தேன். விடியலை எடுப்பதற்காக மொட்டை மாடியில் ஏறிச் சளி பிடித்துக்கொண்டு என் நெஞ்சையே எக்ஸ்ரே எடுத்தேன். வீட்டுக்குள் இருந்த மனிதரை எடுக்கவில்லை. அவர் நாளைக்கும் இருப்பார், சூரியன்தான் மறைந்துவிடும் என்று நினைத்தேன். அவையோரே, கேமரா வைத்திருக்கும் அத்தனை பேரும் செய்யும் தப்பு இது, நானும் செய்தேன். என்னைப் போல் ஒரு முட்டாள் உண்டா என்று அதற்குப் பிறகு பல நாள் என்னையே கேட்டிருக்கிறேன்.

தங்கைக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெரிய ஸ்டூடியோவிலிருந்து ஆள் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். இவள்... மன்னிக்க வேண்டும், தலைவர் அவர்கள், ஒற்றைக் காலில் நின்றார். 'எங்க அண்ணன்தான் எடுக்கணும். வெளியாள் யாரும் வேண்டாம்.' ஒற்றைச் சொல்! அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மூன்று ரோல் ஃபிலிம், புதுச் சட்டை, பூதாகரமான ஒரு ஃபிளாஷ். மண்டபத்துக்குள் நுழைந்தேன், மணமக்கள் முன்னால் நின்றேன், கேமராவைக் கண்ணில் வைத்தேன், வாயைத் திறந்தேன்.

வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

'நகையெல்லாம் கழட்டி வைங்க!'

சிரிக்கிறீர்கள்! அன்று யாரும் சிரிக்கவில்லை ஐயா! கழுத்து நிறைய நகை போட்டு நிற்கும் மணப்பெண்ணைப் பார்த்துக் கூடப்பிறந்த அண்ணன் சொல்கிற வார்த்தையா அது? மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, 'என்ன குடும்பம் இது!' என்றார். எக்ஸ்ரே அறையில் பெண்களிடம் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு, வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று. அதுவும் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்து விழுங்கினேன். என் வாழ்நாளில் நான் செய்த நல்ல காரியங்களில் அதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

அப்படியாவது விட்டேனா? பழக்கம் யாரை விட்டது? மணமக்கள், இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் சம்பந்தி. 'தோளை முன்னாடி தள்ளுங்க. மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க... அசையாதீங்க...' கிளிக்! 'அவ்ளோதான், விடுங்க.' விட்டார்கள். வண்டிச் சக்கரத்தில் காற்றுப் போகிற மாதிரி 'புஸ்' என்று மூச்சை விட்ட எங்கள் அப்பா, மண்டபமே கேட்க ஒரு கேள்வி கேட்டார்.

'ஏன்டா, ரிப்போர்ட் எப்ப வரும்?'

வெடித்தது மண்டபம்! மாப்பிள்ளை சிரித்தார், சம்பந்தி சிரித்தார், நெஞ்சில் கை வைத்த அம்மாகூடச் சிரித்தார். தங்கை அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்பாவின் வலது கண் முழுவதுமாய் மூடியிருந்தது. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? தலையைக் குனிந்து அடுத்த படத்துக்கு ஃபிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தேன்! சுற்றிக்கொண்டே, வாய் பழக்கத்தில், 'நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்குங்க' என்றேன். மறுபடியும் வெடித்தது சிரிப்பு. நான் நிமிர்ந்தேன், கேமராவைத் தூக்கினேன். 'ம்ம், சிரிக்காதீங்க, அசையாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க.' பிடித்தார்கள் பாவம். அன்று முழுவதும் பிடித்தார்கள்.

ஆல்பம் வந்தது. நூற்றெட்டுப் படம். நூற்றெட்டிலும் நெஞ்சு புடைத்து, கன்னம் உப்பி, கண் பிதுங்கி நிற்கிறார்கள் மனிதர்கள். மாப்பிள்ளை ஊதிய பலூன். சம்பந்தி பாம்பைக் கண்ட தவளை. எங்கள் அப்பாவோ, கைது செய்ய வந்த காவல்காரர் மாதிரி விறைத்து நிற்கிறார். ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாள் தங்கை. 'பரவாயில்லைண்ணா' என்றாள். வீட்டில் எல்லோரும் அதை வைத்துப் பல நாள் சிரித்தோம். அதுவரை அது வேடிக்கைதான்.

ஆறு மாதம் கழித்து அப்பா போய்விட்டார். மத்தியானம் கடையில் உட்கார்ந்திருந்தவர், அரத்தைக் கையில் பிடித்தபடியே சாய்ந்துவிட்டார்.

சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த எல்லா டப்பாவையும் கொட்டினோம். பாலம் இருந்தது. குருவி இருந்தது. குருவி இல்லாத கம்பி இருந்தது. அப்பா அந்த ஆல்பத்தில் மட்டும்தான் இருந்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அதில் ஒன்றைப் பெரிதாக்கி மாட்டினோம். துக்கம் கேட்க வந்த ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, 'ஐயா போலீஸ்ல இருந்தாரா?' என்று கேட்டார். என் தங்கை எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். அவள் அழவில்லை. 'இது எங்க அப்பா முகமே இல்லைண்ணா. எங்க அப்பா மூஞ்சி எங்கே? நீதானே கேமரா வச்சிருந்தே? அவரு சிரிச்சாரே, எல்லாரும் பார்த்தாங்களே, நீ மட்டும் பார்க்கலையா?' என்றாள். 'அவரு சிரிப்பு இல்லாத ஆல்பத்துல என் சிரிப்பு எதுக்கு? இனிமே உன் கேமராவுக்கு என் முகம் கிடையாது' என்றாள். அன்று சொன்னவள், இன்று வரை அந்தச் சொல்லை மீறவில்லை.

அந்த வடக்குச் சுவரைப் பாருங்கள். இருபத்தேழு படம். எல்லாம் ஒரே பெண்மணி! கையால் மறைத்த முகம், குடையால் மறைத்த முகம், செய்தித்தாளுக்குப் பின்னால் முகம், தண்ணீர்த் தொட்டி வரைபடத்துக்குப் பின்னால் முகம், என் மனைவியின் முதுகுக்குப் பின்னால் முகம். காலையில் பத்திரிகையிலிருந்து வந்த தம்பி அவற்றின் முன்னால் கால் மணி நேரம் நின்றார். 'சார், இது நவீன ஓவியப் பாணியா?' என்றார். 'இல்லை தம்பி, இது என் தங்கை' என்றேன்.

நானும் சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அப்பா போன பிறகு கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி போட்டவரின் மகன் பூட்டிய பூட்டு, இரண்டு வருஷம் திறக்கவேயில்லை. திறந்து வைத்தவர் ஒரு பஸ் டிரைவர்.

மலை மாதிரி ஆள். இருமல் போகவில்லை என்று நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு வந்தார். பஸ்ஸை வளைத்து ஓட்டுகிற கையால் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். 'சார், வலிக்குமா?' என்றார். நான் என் பாட்டைப் பாடினேன். ஈயத் திரைக்குப் பின்னால் போனேன், சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், பொத்தானை அழுத்தினேன். 'அவ்ளோதான், விடுங்க.' வழக்கமாய் அந்த இடத்தில் நான் தலையைக் குனிந்து சீட்டில் எழுதத் தொடங்குவேன். அன்று பேனா கீழே விழுந்துவிட்டது. குனிந்து எடுத்து நிமிர்ந்தவன், அந்தக் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துவிட்டேன்.

மூச்சை விட்டுவிட்டு அந்த மனிதர் திரும்பினார். 'அவ்ளோதானா?' என்றார். அவையோரே! அந்த முகம்! பயம் போன முகம், பாரம் இறங்கிய முகம், பத்து வயது குறைந்த முகம்! ஆஸ்பத்திரிச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு குழந்தை நின்றது! நான் எங்கே பார்த்திருக்கிறேன் இந்த முகத்தை? என் தங்கை கல்யாணத்தில் இதன் சிரிப்பைக் கேட்டிருக்கிறேன், முகத்தைப் பார்க்கவில்லை! நூறு பேர் நாளொன்றுக்கு என் எதிரே மூச்சை விட்டார்களே, நூறு முறை இந்த முகம் எனக்கு எதிரே மலர்ந்ததே, நான் ஒரு முறையாவது நிமிர்ந்து பார்த்தேனா?

எலும்புக்குத்தான் மூச்சைப் பிடிக்க வேண்டும். முகத்துக்கு மூச்சை விட வேண்டும்!

அன்று வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் ஓடினேன், குடையை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு ஓடினேன். பீரோவைத் திறந்தேன். அந்த வடக்குச் சுவரைத் தவிர, அன்று தொடங்கி இன்று வரை நான் எடுத்த எல்லாப் படமும் அந்த 'அவ்ளோதானா' என்னும் ஒரு நொடியில் எடுத்தவை. கிழக்குச் சுவரில் பாருங்கள், ஓட்டுநர் சோதனையில் தேறி வண்டியை விட்டு இறங்கிய அம்மா! மூட்டையை இறக்கிவைத்த சுமை தூக்குபவர்! மேடையில் பாடி முடித்துத் திரைக்குப் பின்னால் வந்த பாடகி! கடைசித் தேர்வு முடிந்து வெளியே வந்த மாணவி! பிரசவ அறைக்கு வெளியே செய்தி கேட்ட அப்பன்! யாரும் எனக்காக நிற்கவில்லை, யாரும் மூச்சைப் பிடிக்கவில்லை. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தது, கேமரா மூன்று மாறியது, கண்ணாடி நான்கு மாறியது. காத்திருப்பது மட்டும் மாறவில்லை. இதுவா பொழுதுபோக்கு? செயலாளர் ஐயா, நீங்களே சொல்லுங்கள்!

கைதட்டுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

மணி அடித்துவிட்டார் தலைவர். நேரம் முடிந்ததாம். அம்மையீர், எந்தக் கூட்டத்திலும் பேச்சாளர் கெஞ்சுவது வழக்கம்தான், நானும் கெஞ்சுகிறேன். இரண்டே நிமிடம். இதைச் சொல்லத்தான் உங்களைத் தலைமைக்குக் கூப்பிட்டேன். செயலாளரின் யோசனை என்று பொய் சொன்னேன். செயலாளரும் உடந்தை.

போன மாதம் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று எங்கள் வீட்டுச் சமையலறையில் குழாய் பிய்த்துக்கொண்டு பீய்ச்சியடித்தது. ஊருக்கே தண்ணீர் தருகிற தலைமைப் பொறியாளர் தலை முதல் கால் வரை நனைந்து நின்றார். என் மனைவி துண்டை நீட்டி, 'என்ன நாத்தனாரே, உங்க தண்ணிக்கே உங்க மேல கோவமா?' என்றாள். தங்கை சிரித்தாள். அதிசயமாய் அன்று என் கையில் கேமரா இல்லை, அதனால் முகத்தை மறைக்கவில்லை. நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். வலது கண் முழுவதுமாய் மூடியிருந்தது! இடது கண் மட்டும் திறந்து, 'நீ ஏன் சிரிக்கலே?' என்று என்னைக் கேட்டது!

'ஈரத்தை மிதிக்காதே அண்ணா' என்றாள். நான் போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். அழுதேன். அறுபது வயதில், ஆனந்தத்தில் அழுதேன்.

தலைவர் அவர்களே! அப்பாவின் முகத்தைத் தொலைத்துவிட்டாயே என்று அன்று என்னைக் கேட்டீர்கள். தொலைத்தது உண்மை. தப்பு என்னுடையது, இந்த ஐந்நூறு பேர் முன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முகம் எங்கே போனது? மண்ணுக்குப் போனதா? மறைந்து போனதா? முப்பத்து மூன்று ஆண்டாய் அந்த முகத்தை நீங்கள்தானே கையால் மூடி வைத்திருக்கிறீர்கள்! என் மேல் கோபம் என்றால் என்னைத் திட்டுங்கள். மணியால் அடியுங்கள். அப்பாவை ஏனம்மா மறைக்கிறாய்?

...

கொஞ்சம் அமைதி. தயவுசெய்து யாரும் பேசாதீர்கள்.

வாரைக் கழற்றுகிறார். மணிக்கட்டிலிருந்து ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. ஒற்றை விரலால் கேமராவை என் பக்கம் தள்ளுகிறார். தண்ணீர் பாட்டிலையும் சேர்த்துத் தள்ளிவிட்டார், பரவாயில்லை, செயலாளர் துடைப்பார்.

வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அரங்கத்தில் உள்ள அனைவரும் எழுந்து நில்லுங்கள். தாய்மார்களே, பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள். தலைவர் அவர்களே, முன்னால் வாருங்கள், எல்லோருக்கும் நடுவில். என் மனைவியே, நீயும்தான். பயப்படாதீர்கள், நகையெல்லாம் போட்டுக்கொள்ளலாம்!

தோளை முன்னாடி தள்ளுங்க. மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க... பிடிங்க... அசையாதீங்க... நான் இன்னும் எடுக்கவில்லை, பிடிங்க...

அவ்ளோதான். விடுங்க!

என்ன? என்ன கேட்டீர்கள் தலைவர் அவர்களே? மைக்கை அவரிடம் நீட்டுங்கள். எல்லோரும் கேட்கட்டும்.

'ஏண்ணா, ரிப்போர்ட் எப்ப வரும்?'

எடுத்துவிட்டேன்! எடுத்துவிட்டேன் ஐயா! இந்த முறை நான் தலையைக் குனியவில்லை! இதோ திரையில் பார்க்கிறேன், ஐந்நூறு பேர் சிரிக்கிறீர்கள், நடுவில் ஒரு முகம், வலது கண் முழுவதுமாய் மூடியிருக்கிறது. நாளைக்குக் காலையில் வர வேண்டாம் அம்மா. ரிப்போர்ட் வந்துவிட்டது. இப்பவே வாங்கிக்கோ.

பேசப் பணித்த சங்கத்துக்கும், பொறுமையோடு மூச்சைப் பிடித்த உங்களுக்கும், முப்பத்து மூன்று ஆண்டுக்குப் பிறகு மூச்சை விட்ட என் தங்கைக்கும் நன்றி. பலகார மேசையைத் திறந்துவிட்டார்கள், தோழர்களே, ஓடுங்கள். வணக்கம்!